ஐந்தாவது பாட்டில் அப்பாவின் பெல்ட்

சரளையின் புது ஆல்பம் வேனுக்கு வராமலேயே வெளியாகிவிட்டது. அக்காவுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஸ்டுடியோக்காரன் அவசரப்படுத்தியிருப்பான், தம்பிக்கு மூச்சுவிட நேரம் இருந்திருக்காது என்று அவனுக்காகத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். கூடப் பிறந்தவன் என்றால் புத்தி அப்படித்தான் மழுங்கிப்போகிறது.

சரளை என்பது மேடைப் பெயர். வீட்டில் அவன் சின்னவன். குரல் உடைகிற வயதில் உடைந்த தொண்டை அப்புறம் ஒட்டவே இல்லை. ஜல்லிக் குவியலில் லாரி ஏறுகிற மாதிரி ஒரு குரல். அதை வைத்துக்கொண்டு ராப் பாட ஆரம்பித்து, இன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் அவன் பாட்டுக்குத் தலையாட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

வேன் அப்பாவுடையது. ஆஸ்பத்திரி ஊழியர்களை ஷிஃப்டுக்கு ஏற்றிப்போய் இறக்கிவிடுகிற வண்டி. அதில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான் வேலை செய்யும், அதுவும் ஜலதோஷம் பிடித்த மாதிரி கரகரக்கும். ஆனால் சின்னவன் முதல் பாட்டுப் போட்ட நாளிலிருந்து ஒரு வழக்கம். ஸ்டுடியோவில் எவ்வளவு ஜோராகக் கேட்டாலும், கடைசியாக அந்த வேனில் போட்டுக் கேட்டால்தான் பாட்டு முடிந்ததாக அர்த்தம். "இந்த ஓட்டை ஸ்பீக்கர்ல வார்த்தை புரிஞ்சா உலகத்துல எங்க வேணா புரியும்" என்பான். அப்பா ஸ்டியரிங்கில், அவன் பக்கத்தில், அக்கா பின்சீட்டில். இந்த இடத்தில் வார்த்தையை முழுங்குகிறாய் என்று அவள் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே போய்த் திருத்திவிட்டு வருவான். அப்பா மட்டும் எல்லாப் பாட்டுக்கும் ஒரே தீர்ப்புதான் சொல்வார்: "ஜம்முனு இருக்கு."

இன்னொரு விஷயமும் உண்டு. சரளையின் ரசிகர்கள் கூடுகிற இணையக் குழுவில் அக்காவுக்கு 'முதல் காது' என்று பெயர். ஒவ்வொரு ஆல்பம் வந்ததும் ஒவ்வொரு பாட்டையும் பிரித்து மேய்ந்து, குரல் பதிவாகப் போடுவாள். நல்லதை நல்லது என்பாள், சொதப்பலைச் சொதப்பல் என்பாள். அவள் கருத்து வரும்வரை பாதிப் பேர் தங்கள் கருத்தை வாய்க்குள்ளேயே வைத்திருப்பார்கள். முதல் காதுதான் சரளையின் சொந்த அக்கா என்பது அங்கே ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் பாராட்டுக்கும் மதிப்பு இருக்காது, திட்டுக்கும் மதிப்பு இருக்காது என்று மறைத்துவைத்திருந்தாள்.

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். முன்னே ஷோரூமில் ஏசி, கண்ணாடி அலமாரி, சிரித்த முகம். பின்னே இவள், லென்ஸ் வெட்டுகிற மிஷின், தண்ணீர் கலந்த வெள்ளைச் சேறு. மிஷின் ஓடும்போது யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதால் பாட்டுக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலை கடை திறந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆல்பத்தைப் போட்டாள். பெயர் 'கட்டிலுக்கு அடியில்'. பெயரே அவளுக்குப் பிடித்திருந்தது.

முதல் பாட்டு 'கதவு'. டிரம் உள்ளே வருவதற்கு அநியாயத்துக்குத் தாமதம். அதுவரை வெறும் குரலிலேயே இழுத்துக்கொண்டு போகிறான். தைரியம்தான், பலித்தும் இருக்கிறது. இரண்டாவது, 'யாருடா நீ'. போட்டிக்காரர்களைப் பார்த்து மார்தட்டுகிற பாட்டு. ஆல்பத்துக்கு ஒன்று இப்படி இருந்தே ஆக வேண்டும் என்று யார் இவர்களுக்குச் சொன்னார்களோ தெரியவில்லை, தள்ளிவிட்டுப் போகலாம். மூன்றாவது, 'லிஃப்ட்'. நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருந்தும் எங்கேயும் போய்ச்சேராத ஒரு லிஃப்ட்காரனைப் பற்றியது. ரைமை வரி முடிவில் வைக்காமல் நடுவில் ஒளித்துவைத்திருந்தான். அவளுக்குப் புல்லரித்துவிட்டது. கையிலிருந்த ஃப்ரேமைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டாள். நாலாவது ஒரு காதல் பாட்டு. இவன் மூக்கால் அழுகிறான், கூடப் பாடுகிற பெண்தான் பாட்டைத் தூக்கி நிறுத்துகிறாள். போகட்டும், குழுவில் சொல்ல விஷயம் இருக்கிறது என்று சந்தோஷமாகவே இருந்தாள்.

ஐந்தாவது பாட்டின் பெயர் 'பெல்ட்'. எடுத்த எடுப்பில் ஒரு சத்தம். பர்ர்ர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அப்பாவின் பெல்ட். ஆயுசு முழுக்க வேன் ஓட்டியதில் அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது. டாக்டர் கொடுத்த அகலமான துணி பெல்ட்டை இறுக்கி ஒட்டிக்கொண்டுதான் வண்டியில் ஏறுவார். வீட்டுக்கு வந்ததும் அந்த வெல்க்ரோ ஒட்டைப் பிரித்து எடுக்கும்போது வருகிற சத்தம் அது. சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டதும் அக்காவும் தம்பியும் எங்கே இருந்தாலும் விழுந்தடித்து ஓடிவருவார்கள். அப்பா தரையில் குப்புறப் படுத்துவிடுவார். ஒருவர் மாற்றி ஒருவர் அவர் முதுகில் ஏறி மிதிக்க வேண்டும். 'இன்னும் கொஞ்சம் மேல, ஆங், அங்கதான்' என்று அவர் முனகுவார், இதுகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அம்மா இறந்தபிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்ட ஒரே நேரம் அதுதான்.

போன மாதம் சின்னவன் மைக்கோடு வீட்டுக்கு வந்தது நினைவுக்கு வந்தது. "அப்பா, அந்த பெல்ட்டை ஒரு தடவை கழட்டுங்க" என்றான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். மெதுவாக வேண்டுமா, வேகமாக வேண்டுமா என்று வேறு கேட்டுக்கொண்டார். மறுநாளே வேனில் ஏறினவர்களிடம் எல்லாம், பையன் ஆல்பத்தில் என் சத்தமும் வருகிறது, கேட்டுப்பாருங்கள் என்று சொல்லியாகிவிட்டது.

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் சின்னவனின் குரல் வந்தது.

"பர்ர்னு பெல்ட்டு அவிழும் சத்தம், கட்டிலுக்கு அடியில உறையும் ரத்தம், சாராய மூச்சு, தோல் கிழியும் வீச்சு, அம்மா தடுத்தா, அம்மாவும் போச்சு."

 இதில் கொடுமை என்ன தெரியுமா? வரிகள் நன்றாக இருந்தன. மூச்சு, வீச்சு, போச்சு என்று கச்சிதமாக விழுந்ததை அவள் காது அதுபாட்டுக்கு ரசித்துவிட்டது. மனசு அர்த்தத்தைப் பிடிப்பதற்குள் தலை ஒருமுறை ஆடிவிட்டது. அதற்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மிஷினுக்குள் இருந்த லென்ஸ் கோணல்மாணலாக வெட்டுப்பட்டு வெளியே வந்தது.

அப்பா குடித்ததே கிடையாது. வேன் ஓட்டுகிறவன் வாயில் வாசனை வந்தால் அன்றோடு பிழைப்பு போய்விடும் என்பார். அம்மா போனது சிறுநீரகக் கோளாறில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அப்பா அவள் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது. கை ஓங்குவது இருக்கட்டும், அந்த மனுஷன் குரலைக்கூட ஓங்கியவர் இல்லை. இருவருக்கும் சோறு ஊட்டி, அவளுக்குத் தலை பின்னிவிட்டு, பின்னல் கோணலாக வந்தால் மன்னிப்புக் கேட்டவர் அவர்.

குழுவைத் திறந்து பார்த்தாள். பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஐந்தாவது பாட்டைக் கேட்டு அழுதுவிட்டேன் என்று ஒருத்தி. இவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டு எழுந்து நின்றிருக்கிறானே, இவனல்லவோ மனுஷன் என்று இன்னொருத்தன். அந்த அப்பன்காரனைத் தேடிப்பிடித்து நாலு உதை விட வேண்டும் என்று ஒருவன் எழுதியிருக்க, அதன் கீழே கைதட்டல் குவிந்துகிடந்தது. நடுவில் சின்னவனின் புதுப் பேட்டி ஒன்று. இந்த ஆல்பத்தில் ஒவ்வொரு வரியும் என் வாழ்க்கை என்று கண் கலங்கச் சொல்லியிருந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்வி: முதல் காது எங்கே? முதல் காது என்ன சொல்கிறது?

டீ இடைவேளையில் கடையின் பின்பக்கப் படிக்கட்டில் நின்றுகொண்டு தம்பிக்குப் போன் போட்டாள். வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே எடுத்தான்.

"அப்பா உன்னை எப்படா அடிச்சாரு?" என்றாள்.

சிரிப்பு நின்றது. பாட்டில் வருகிற 'நான்' நான் இல்லை, அது ஒரு கேரக்டர் என்று ஆரம்பித்தான். அப்படியானால் பேட்டியில் கண்ணீர் விட்டதும் கேரக்டர்தானா என்று கேட்டாள்.  அப்புறம், பிடிபட்டவனுக்கு வருகிற கோபம் அவனுக்கும் வந்தது.

"நம்ம வாழ்க்கையில பாடுறதுக்கு என்னக்கா இருக்கு? ஒரு நல்ல மனுஷன் வேன் ஓட்டினாரு, பிள்ளைங்களை வளர்த்தாரு. இதை எவன் கேப்பான்?"

பாட்டை எடுத்துவிடு என்றாள். ஒப்பந்தம், கம்பெனி, இனி என் கையில் இல்லை என்றான். அப்பா கேட்டால் என்னடா ஆகும் என்றாள்.

"அவருக்குப் புரியாதுக்கா. அவர் வேன்லதானே கேப்பாரு? அதுல போட்டா பேஸ் இடிக்கிற சத்தம் வார்த்தை எல்லாத்தையும் முழுங்கிடும். அந்த ஒரு பாட்டை மட்டும் அப்படித்தான் மிக்ஸ் பண்ணச் சொன்னேன்."

அக்கா போனை வைத்துவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். எந்த ஸ்பீக்கரில் வார்த்தை புரிய வேண்டும் என்று வருஷக்கணக்கில் மூன்று பேரும் சேர்ந்து உழைத்தார்களோ, அதே ஸ்பீக்கரில் புரியாமல் போவதற்கு அவன் உழைத்திருக்கிறான். இவள் பின்சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த அத்தனையும் இதற்குத்தான் உபயோகப்பட்டிருக்கிறது. அப்பாவை விற்றான், சரி. அதற்கு இவளையுமல்லவா கூட்டுச் சேர்த்துக்கொண்டான். 

சாயங்காலம் வழக்கம்போல அப்பா கடை வாசலுக்கு வேனோடு வந்தார். ஆஸ்பத்திரி ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிற வழியில் இவளையும் ஏற்றிக்கொள்வார். ஓட்டுநருக்குப் பக்கத்துச் சீட் எப்போதும், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற எக்ஸ்ரே அக்காவுடையது. அந்த அம்மாள் வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்து அப்பாவோடு வாயடித்துக்கொண்டு வருவாள். இன்றைக்கு அந்தச் சீட் காலி. எக்ஸ்ரே அக்கா கடைசி வரிசையில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் முகத்திலும் ஈயாடவில்லை. எல்லோர் காதிலும் போன் இருக்கிறது, எல்லோரும் கேட்டாகிவிட்டது.

அப்பா மட்டும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி மலர்ந்துபோய் இருந்தார். "நீ வரட்டும்னுதான் போடாம வச்சிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே 'பெல்ட்' பாட்டைப் போட்டார். தலைவலி, அப்புறம் கேட்கலாம் என்று அவள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

பர்ர்ர் என்றது ஸ்பீக்கர், துல்லியமாக. அப்பா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார். பின்னால் திரும்பி, "கேட்டீங்களா, இதுதான், இதுதான்" என்றார். அதற்கப்புறம் தம்பி சொன்னபடியே நடந்தது. வெறும் தும் தும் என்று பேஸ் இடிக்க, அடியில் எங்கேயோ சின்னவனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது, ஒரு வார்த்தை புரியவில்லை. அப்பா தாளத்துக்கு விரலால் தட்டிக்கொண்டே ஓட்டினார். பாட்டு முடிந்ததும் ஜம்முனு இருக்கு என்றார். வேனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கிப்போனார்கள், வழக்கமாகச் சொல்கிற 'வரேண்ணே' கூட இல்லாமல்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் எந்த வாயால் சொல்வது? உங்கள் மகன் உங்களைக் குடிகாரன் என்று பாடியிருக்கிறான், நீங்கள் தட்டிக் காட்டின அந்த இடுப்பு பெல்ட்டால்தான் அடித்தீர்களாம் என்று ஒரு தகப்பனிடம் எப்படிச் சொல்வது? சரி, இவருக்குத் தெரியாமலேயே போய்விடட்டும் என்று நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்துக்கொண்டாள். குழுவில் மட்டும் கேள்விகள் ஏறிக்கொண்டே போயின. அவள் பதில் போடவில்லை.

மறுநாள் சாயங்காலம் வேன் காலியாக வந்தது. எல்லோரையும் முதலில் இறக்கிவிட்டுவிட்டு, சுற்றுவழியில் அவளை அழைக்க வந்திருந்தார். அவள் முன்சீட்டில் ஏறியும் வண்டியை எடுக்கவில்லை. இன்ஜினை அணைத்தார்.

நடந்ததை அவரே சொன்னார். எதற்காகப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டீர்கள், ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று எக்ஸ்ரே அக்காவிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் தன் ஹெட்போனைக் கழற்றி அவர் போனில் செருகி, அவர் காதில் மாட்டி, ஐந்தாவது பாட்டைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப்போய்விட்டாள். வேனுக்குள் தனியாக உட்கார்ந்து முழுவதும் கேட்டாராம். புரியாத இடத்தைத் திரும்பப் போட்டும் கேட்டாராம்.

அவர் அழுதால் சமாதானம் சொல்ல, கத்தினால் தானும் சேர்ந்து கத்த அக்கா தயாராக இருந்தாள். அவர் இரண்டும் செய்யவில்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாமல் நிற்கிற பிள்ளையைப் போல அவளைப் பார்த்தார்.

"பாப்பா, நான் உங்களை அடிச்சிருக்கேனா?"

"இல்லப்பா. ஒரு தடவைகூட இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. உங்கம்மா போன புதுசுல ராத்திரி பகல்னு பார்க்காம ஓட்டினேன். தூக்கமே கிடையாது. அந்தக் காலம் எனக்குச் சரியா ஞாபகமே இல்ல. வீட்டுக்கு எப்படி வந்தேன், என்ன பண்ணினேன், ஒண்ணும் தெரியல. சாராய வாசனைங்கிறான். நான் மேல எல்லாம் டீசலோட வருவேன். அந்த வயசுப் பிள்ளைக்கு அது அப்படித் தோணியிருக்குமோ?"

அவன் பொய் சொல்கிறான் அப்பா என்றாள். போனில் அவன் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள், மிக்ஸ் பண்ணின கதை உட்பட. அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் எதுவும் உள்ளே இறங்கவில்லை. உன்னிடம் மானத்துக்காக அப்படிச் சொல்லியிருப்பான், அடி வாங்கினவன் யாரிடம்தான் ஒத்துக்கொள்வான் என்றார். என் முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல்தான் வார்த்தையை அமுக்கி வைத்திருக்கிறான், பாவம் என்றார். மகனுக்குத் தானே வக்கீலாகி, தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார் அந்த மனுஷன்.

பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு டேஷ்போர்டில் வைத்தார். சின்னவன் எடுத்தான்.

"தம்பி, பாட்டை நல்லபடியா கேட்டேன்ப்பா. எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா நான் அப்படிப் பண்ணியிருந்தா என்னை மன்னிச்சிடு."

 அக்கா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுடா என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஐயோ அப்பா, அது வெறும் பாட்டு, நீங்கள் என்னைத் தொட்டதுகூட இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லுடா. இதுவரை நடந்தது எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன். அவனுக்குப் பின்னால் யார் யாரோ பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. கூட ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"விடுங்கப்பா," என்றான் சரளை, அந்தக் கரகரத்த குரலில். "அதையெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்."

அப்பாவுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தங்கமான மனசு" என்றார். அக்காவுக்குத் தம்பி என்று ஒருத்தன் இருந்தது அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா எப்போதும் கூடத்தில் நின்றபடியே பெல்ட்டைப் பிரிப்பார். அன்றைக்கு நேராக உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். பர்ர்ர் என்ற சத்தம் வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒட்டிக்கொண்டிருந்த துணியை நகத்தால் கிள்ளி எடுக்கிற மாதிரி ஒரு சின்னக் கரகரப்பு, நிற்பதும் தொடர்வதுமாக வெகுநேரம் கேட்டது. மகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று, சத்தம் வராமல் கழற்றிக்கொண்டிருந்தார்.

அவள் கூடத்திலேயே நின்றபடி போனை எடுத்து, குழுவைத் திறந்து, குரல் பதிவை அழுத்தினாள்.

"முதல் காது பேசறேன். லிஃப்ட் பாட்டு ரொம்ப நல்லா இருக்கு, கேளுங்க. அஞ்சாவது பாட்டு பொய். எனக்கு எப்படித் தெரியும்னா, நான் சரளையோட அக்கா. அந்த பெல்ட் சத்தம் கேட்டா நாங்க கட்டிலுக்கு அடியில ஒளியல. ஓடிப்போய் எங்கப்பா முதுகுல ஏறுவோம். அவர் இடுப்பு வலிக்கு மிதிச்சுவிடுவோம். அவர் எங்களை அடிச்சதே இல்ல. இன்னிக்கு அவர் அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. அவனும் மன்னிச்சிட்டான். அவ்வளவுதான். இனிமே அவன் பாட்டைப் பத்தி நான் பேச மாட்டேன்."

அனுப்பினாள். பதில் வர ஆரம்பித்ததும் போனைக் குப்புற வைத்தாள். உள்ளறைக் கதவைத் தட்டி, "அப்பா, கீழ படுங்க, முதுகு மிதிச்சுவிடறேன்" என்றாள்.

உள்ளே அந்தக் கரகரப்பு நின்றது. "வேண்டாம் பாப்பா" என்றார் அப்பா. கதவு திறக்கவில்லை.